பதினோரு கோழிக்கு நூறு கோழி மருந்து

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களை நடுங்க வைக்கும் நோய்க்குக் கால்நடை மருத்துவப் புத்தகங்களில் இரண்டு ஊர்ப் பெயர்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தின் நியூகாசில், மற்றது குமாவோன் மலையில் உள்ள ராணிக்கேத். 1926-ல் ஜாவாவிலும் நியூகாசிலிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஓரிரு ஆண்டுகளில் அதே நோய் ராணிக்கேத்தில் கண்டறியப்பட, நம் கால்நடை மருத்துவர்கள் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். கோழி வளர்க்கும் பெண்களுக்கு இந்த ஊர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழில் அது வெள்ளைக் கழிச்சல். தெலுங்கில் கொக்கெர தெகுலு. ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழியும் புழங்கும் பாகாலா பக்கத்தில் இரண்டு பெயரும் செல்லும்.

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பாகாலா ஒரு ஜங்ஷன். தர்மாவரம் பாதை அங்கேதான் பிரிகிறது. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். சுற்றிலும் மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருக்கும் கிராமங்களில், வீட்டுக்கு ஐந்து முதல் பதினைந்து கோழிகள் புழக்கடையில் மேயும். அப்படி ஒரு கிராமத்தில் எனக்கு ஒரு அத்தை இருக்கிறார். ஒரு கோடையில் அவருடைய பதினோரு கோழிகளில் ஒன்பது நான்கே நாளில் போய்விட்டன. தடுப்பூசி போடவில்லையா என்று கேட்டேன். “ஏன் கண்ணு, பதினோரு கோழிக்கு நூறு கோழி மருந்தை வாங்கி நான் என்ன பண்றது?” என்றார்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுவதில் பயனில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நோய் வரும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கோழி சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். இரை எடுக்காது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். தப்பிப் பிழைத்ததற்குக் கழுத்து திருகிக்கொள்ளும். மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் ஆறு. வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. மருந்துக் கடையில் வாங்கிய கேப்ஸ்யூலைப் பிரித்துச் சோற்றில் கலந்து கொடுக்கிறார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர இந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

வருமுன் காக்க வழி இருக்கிறது, அதுவும் பழைய வழி. ராணிக்கேத்துக்கு அதிக தூரமில்லாத முக்தேஸ்வரில், அதே குமாவோன் மலையில், வெள்ளைக்காரர் காலத்துக் கால்நடை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. 1940-களில் அங்கே உருவான ஆர்2பி தடுப்பூசிதான் இன்றுவரை நம் கிராமங்களுக்கு வருகிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஆர்2பி ஊசி. எட்டு வாரத்துக்கு முன்பு இந்த ஊசியைப் போட்டால் குஞ்சு தாங்காது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது. ஒரு கோழிக்கு ஆகும் செலவு ஒரு முட்டையின் விலைகூட வராது.

அப்படியானால் சிக்கல் எங்கே? குப்பியில். சிறிய குப்பியே பெரும்பாலும் நூறு கோழிக்கானது. பொடியாக இருக்கும் மருந்தை நீரில் கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை நாளைக்கு வைக்க முடியாது. ஆயிரக்கணக்கில் கோழி அடைத்த நாமக்கல் பண்ணைக்கு இது பொருத்தமான அளவு. அத்தைக்கு எண்பத்தொன்பது கோழி மருந்து வீண்.

இரண்டாவது சிக்கல் குளிர்ச்சி. துறைகளின் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. ‘குளிர்ச் சங்கிலி அறுபடாமல் பார்த்துக்கொள்க’ என்று எழுத வேண்டியிருக்கும். தயாராகும் இடத்திலிருந்து கோழியின் இறக்கை வரை மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் வந்து சேர வேண்டும் என்பது பொருள். வாக்கியத்தில் குறையில்லை. ஆனால் மே மாத வெயிலில் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும் குப்பிக்கு இந்த வாக்கியம் தெரியாது. சூடேறிய மருந்தைப் போட்டுவிட்டு, ‘ஊசி போட்டும் செத்துப்போச்சு’ என்று அடுத்த வருடம் போடாமல் விடுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது விஷயத்தைப் பிரசுரங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: ‘நோயுற்ற கோழிகளை விற்காதீர்கள்.’ முதல் கோழி தூங்கி விழுந்ததுமே அத்தை மிச்சமிருந்த இரண்டைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டுக்கோழி என்பது கிராமத்துப் பெண் யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம். பள்ளிக்கூடத்து நோட்டு, மாத்திரை, திடீர் விருந்தாளி எல்லாம் அதிலிருந்துதான். சாகப்போகிறதைப் பாதி விலைக்காவது தள்ளுவது அவர் கணக்கில் நியாயம். ஆனால் அந்த இரண்டு கோழிகளோடு நோயும் பஸ் ஏறி அடுத்த ஊர் போகிறது. கங்கம்மா ஜாத்திரைக் காலத்தில் திருப்பதி வட்டாரத்தில் கோழிகள் ஊர் விட்டு ஊர் போவது அதிகம். அதுவும் இதே மே மாதத்தில்தான்.

அரசாங்கத்தின் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலும் 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது அதிகாரிகள் வந்தார்கள், கோழிகளை அழித்தார்கள், அழித்த கோழிக்கு நஷ்டஈடு என்றார்கள். மனிதருக்குத் தொற்றக்கூடியது என்பதால் அது நியாயம்தான். வெள்ளைக் கழிச்சல் ஆண்டு தவறாமல் வருகிறது, செத்த கோழிகளை எண்ணுவதற்குக்கூட ஆள் கிடையாது. 2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புழக்கடைக் கோழிகள் சுமார் 31 கோடியே 70 லட்சம்.

மற்ற தொல்லைகளும் உண்டு. கொசு பரப்பும் கோழி அம்மை, அடைகாக்கும் கோழியை எழுப்பிவிடும் பேன் (சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று போதும், கோழியே பார்த்துக்கொள்ளும்), கீரி, பருந்து. வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் முட்டை அதிகம் இடும், ஆனால் அடைக்கு உட்காராது. இவற்றில் ஒன்றிரண்டு கோழி போகும். கூட்டைக் காலி செய்வது கழிச்சல் ஒன்றுதான்.

குப்பியின் அளவை மாற்ற முடியாதவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ உருவாக்கிய ஐ-2 என்ற மருந்து வெப்பத்தை ஓரளவு தாங்கும். மொசாம்பிக்கில் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து போட வைத்தார்கள், கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணத்தோடு. சென்னையில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிகளுக்கென்றே தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியது. அது கிடைக்கிற ஊர்களில் ஊசியின் பயம் மிச்சம்.

பாகாலாவில் இதற்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆந்திரத்தில் துவாக்ரா குழு இல்லாத கிராமம் அரிது. 2019-ல் கிராமச் செயலகங்கள் வந்தபோது கால்நடை உதவியாளர் பதவியும் உருவாக்கப்பட்டது. பத்து வீடு சேர்ந்தால் நூறு கோழி. ஒருவர் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் குப்பியை வாங்கி வர வேண்டும், நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். ஊரில் சாவு விழுந்த பிறகு அல்ல, மாசி மாதத்திலேயே. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது ஆகும்.

நேரம் விடியற்காலை. கூட்டைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒரு கோழியைக்கூடப் பிடிக்க முடியாது.