பூட்டி வைப்பது காப்பது ஆகாது



அரிய பழைய மதுவைப் பருகுவதா, பாதுகாப்பதா என்று செல்வந்தர்கள் வாதிடுவதுண்டு. கள்ளும் சம்சுவும் எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சீரழித்தன என்பதைக் கண்ட கேமரன் மலைத் தமிழருக்கு இந்த வாதம் எதற்கு எனக் கேட்பீர்கள். மதுவுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் அந்த வாதத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1787ஆம் ஆண்டினது எனச் சொல்லப்பட்ட ஒரு பிரெஞ்சு மதுப்புட்டி, 1985இல் இலண்டனில் 1,05,000 பவுனுக்கு ஏலம் போனது. அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்கின் சூட்டில் தக்கை உலர்ந்து உள்ளே விழுந்தது. பருகியவரும் இல்லை; காத்தவரும் இல்லை.

யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் பருகி வாழுமாறு பாண்டியன் நன்மாறனைப் புறநானூறு வாழ்த்துகிறது. அந்த மது அன்றே தீர்ந்தது. பாட்டு மட்டும் இன்றும் வாழ்கிறது. ஏட்டுச் சுவடியைப் பெட்டியில் பூட்டியவர்களாலா வாழ்கிறது? இல்லை! ஊர் ஊராக அலைந்து, சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டுப் படித்து, 1894இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரால் வாழ்கிறது. எடுத்துப் படிக்க ஆளின்றிக் கிடந்த சுவடிகளையோ செல் தின்றது.

இனி நம் மலைக்கு வருவோம். தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றின் கண்ணாடி அலமாரியில் பழைய தமிழ் நூல்கள் உள்ளன. கிழித்துவிடுவார்கள் என்று மாணவர் கையில் தருவதில்லை. இம்மலையின் ஈரக்காற்று யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டிய பக்கங்களைப் பூஞ்சணம் படித்துக்கொண்டிருக்கிறது.

1929இல் உருவான போ தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய நம் பாட்டிமாருக்குத் தெரியும், தேயிலைத்தூளை வைத்திருக்க வைத்திருக்க மணம் போய்விடும் என்று. பள்ளிக்கூடம் மட்டும் அதை மறந்ததேன்?

ஒரே ஒரு படிதான் உள்ளது, கிழிந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வியே. அத்தகைய நூலை மின்வருடியில் படியெடுங்கள். மூலத்தை ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். ஆனால் அந்த ஒன்றிரண்டு நூல்களைக் காரணம் காட்டி முழு அலமாரியையும் பூட்டாதீர்கள். மது பருகினால் தீரும். நூல் படித்தால் தீராது. கிழிந்த தாளை ஒட்டப் பசை உண்டு. தமிழ் படிக்காமல் வளர்ந்துவிட்ட தலைமுறையை ஒட்ட எந்தப் பசையும் இல்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது தேர்ச்சி அறிக்கையோடு திரும்பிவிடாதீர்கள். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு வாருங்கள்.