நோய் தீர்ந்த பின் வரும் நோவு

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டுகிறோம். வீட்டுக்குள் குழித்தறி. தறியில் வீட்டுக்காரர். பக்கத்தில் இராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுகிற மனைவி. அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இராது. சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் கர்ப்பப்பையின் வாயில் புற்று என்று வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். ஐந்து வாரம் கிரண சிகிச்சை நடந்தது. நம் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைப்பது'. நோய் தணிந்தது; அம்மாளும் தேறி வேலைக்கு உட்கார்ந்தாள். இப்பொழுது நாலு நாளாக இடுப்பின் அடியில் ஒரு வலி. எழுந்து நடந்தால் குத்துகிறது. படுத்தால் சற்றுத் தணிகிறது. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சொல்லவும் வேண்டுமோ? "திரும்பி வந்துவிட்டதடி அம்மா!" என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. இனிமேல் வைத்தியத்துக்குச் செலவு செய்வதில் என்ன பிரயோஜனம் என்று வீட்டுக்காரரும் யோசிக்கத் தொடங்குகிறார்.

இந்த வீடு நாம் கற்பித்துக்கொண்டது. ஆனால் இந்த அச்சம் கற்பனையல்ல. அந்த வலி புற்றினால் வந்ததாகவே இருக்கவேண்டும் என்கிற நிர்ப்பந்தமும் இல்லை. எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக அது இருக்கலாம். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

எலும்பைக் கல்போன்ற ஜடப்பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. எலும்புக்குள் ஒரு கூட்டம் அணுக்கள் பழையதை ஓயாமல் அரித்தெடுக்கின்றன. இன்னொரு கூட்டம் புதியதைக் கட்டிக்கொண்டே போகின்றன. புற்றைச் சுட்டெரிக்கும் கிரணம் அதன் வழியிலுள்ள எலும்பையும் தொடாமல் போவதில்லை. கட்டுகிற அணுக்கள் குறைகின்றன. எலும்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் அடைபடுகின்றன. உள்ளேயிருக்கும் மஜ்ஜை கொழுப்பாக மாறிவிடுகிறது. இது போதாதென்று, மாதவிலக்கு நிற்காத வயதுள்ள ஸ்திரீயானால், அடிவயிற்றில் விழும் கிரணத்தால் சூற்பைகளும் வேலை நிறுத்தம் செய்துவிடுகின்றன. இயற்கையில் பல வருஷங்களில் மெல்ல வரவேண்டிய மாறுதல் சில மாதங்களில் வந்துவிடுகிறது. எலும்பைக் காத்துவந்த சுரப்பு திடீரென்று நின்றுபோகிறது. பிறகு கீழே விழவேண்டும் என்பதுகூட இல்லை. நடப்பது, உட்காருவது, குடம் தூக்குவது ஆகிய நித்திய பாரத்தையே எலும்பால் தாங்க முடியாமற் போகிறது.

முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாய் அமைந்து, மேலுடம்பின் கனத்தை இரு புறமும் இடுப்புக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் எலும்பில்தான் இந்த விரிசல் பெரும்பாலும் காணப்படுகிறது. அதற்கு இலத்தீன் மொழியில் 'புனித எலும்பு' என்று பெயர். கோயில் நகரத்தாருக்கு இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது சிரமமாயிராது! சிகிச்சை முடிந்த இரண்டு வருஷங்களுக்குள் இது வருவதே அதிகம். அதற்குப் பின்னும் வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? 2005-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இடுப்புக்கூட்டிலுள்ள உறுப்புகளில் புற்று கண்ட 65 வயதுக்கு மேற்பட்ட 6,428 ஸ்திரீகளின் விவரங்களைப் பரிசீலித்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கிரண சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 8.2 பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் எலும்பு முறிந்தது, பெறாதவர்களில் 5.9 பேருக்கு. அந்த முறிவுகளில் மிகுதியும் தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் நேர்ந்தவை. ஆகவே, எல்லோருக்கும் வருகிற ஆபத்து என்று யாரும் நடுங்க வேண்டியதில்லை. கிரண சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்வதோ பெரும் பேதைமை. அந்தச் சிகிச்சையினால்தான் இன்று எத்தனையோ தாய்மார்கள் உயிரோடிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை எளிதில் வந்து சேர்ந்துவிடவில்லை. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் விடாது முயன்றதன் பயனாக 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1957-இல் அங்கே கோபால்ட் கிரணச் சாதனம் வந்தது. காஞ்சியிற் பிறந்த அண்ணாதுரை அவர்கள் 1969 பிப்ரவரியில் இதே நோய்க்கு இரையானார். அவர் பெயரைத் தாங்கிய அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஊருக்குச் சற்று வெளியே காரப்பேட்டையில் இருக்கிறது. அடையாற்றுக்குப் போக வசதியில்லாத நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு இது சாமானியமான அனுகூலமல்ல.

நிற்க. வலி வந்தால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தைலம் தேய்த்து மிதித்துவிடச் சொல்லக் கூடாது. புத்தூர்க் கட்டை நாடி வண்டி ஏறுவதிலும் பலனில்லை. கை கால் எலும்புக்குக் கட்டுப் போடலாம், இடுப்புக்கூட்டின் உள்ளே இருக்கும் விரிசலுக்கு எங்கே கட்டுவது? வைத்தியரிடம் போக வேண்டும். போகும்போது முன்பு கரண்ட் வைத்த விவரத்தை, வருஷத்தோடும் காகிதங்களோடும், கேளாமலே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமற் போவதால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரண எக்ஸ்ரே படத்தில் இந்த விரிசல் பலமுறை தெரிவதேயில்லை. "ஒன்றுமில்லை, வாயுப் பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படுவதுண்டு. இன்னொரு பக்கம், எலும்பு முழுவதையும் காட்டும் ஸ்கானில் கறுப்பாய்த் தெரிந்ததைப் புற்றுப் பரவியதாகவே கொண்டு மறுபடியும் கிரணம் வைத்தால் நொந்த எலும்பு மேலும் நோகும். எம்.ஆர்.ஐ. படமும் சி.டி. படமும் எடுத்து, தேர்ந்தவர் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் விளங்கிவிடும். நோய் உண்மையிலேயே திரும்புவதும் உண்டாகையால், வலியை அலட்சியம் செய்வதும் தவறு. காலில் பலம் குறைந்தாலும், சிறுநீர் கட்டுக்கடங்காமற் போனாலும் அன்றைக்கே ஓட வேண்டும்.

விரிசல்தான் என்று தெரிந்தால் மிகுதியானவர்களுக்கு ரண சிகிச்சை தேவைப்படுவதில்லை. வலிக்கு மருந்து, சில வாரம் பாரம் குறைத்து ஓய்வு, கையில் ஒரு தடி, பிறகு மெல்ல மெல்ல நடை. சில மாதங்களில் கூடிவிடுகிறது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பது எலும்பை இன்னும் இளைக்கச் செய்யும். மருமகளைத் தாங்குவதாக நினைத்து எழுந்திருக்க விடாமல் வைக்கும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. சிகிச்சைக்கு முன்பே எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்கலாம். கிரணத்தை எலும்பில் அதிகம் படாமல் செலுத்தும் புதிய முறைகளும் இருக்கின்றன. இளவயதில் சூற்பை ஓய்ந்துபோனவர்களுக்கு அந்தச் சுரப்பை மாத்திரையாகக் கொடுப்பது பற்றி வைத்தியரைக் கேட்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது விலக்கல்ல. கர்ப்பப்பைக்குள் வந்த புற்றானால் விஷயம் வேறு. கேழ்வரகு நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எள்ளும் மோரும் முருங்கைக்கீரையும் நம் சமையலறைக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்தச் சத்து உடலில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். பாவு தோய்வதற்குத் தெருவில் இறங்கும் ஆண்கள் மேல் விழுகிற வெயில், தறிவீட்டு இருட்டில் பகலெல்லாம் தார் சுற்றுகிற பெண்ணின் மேல் விழுவதில்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, வைத்தியர் சொல்லும் அளவு மருந்து சாப்பிட வேண்டும். கடையில் தாமாக வாங்கி மிதமிஞ்சிச் சாப்பிட்டால் அதுவும் கெடுதல்.

நாம் தொடக்கத்தில் சொன்ன அம்மாள் மறுபடி இராட்டைக்கு முன் உட்காரலாமா என்றால், தாராளமாய் உட்காரலாம். சில மாதம் தரையில் சம்மணமிடாமல் முக்காலியில் உட்காரட்டும். தண்ணீர்க் குடத்தை வீட்டுக்காரர் தூக்கட்டும்.