வாட்ஸ் அப் பார்த்து வீட்டில் பிரசவம்: ஆஸ்பத்திரி இருந்தும் ஏன் இந்த விபரீதம்?

ஊரப்பாக்கம்,

காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிய காலம் போய், இப்போது எல்லோரும் முதலில் செல்போனைத்தான் தட்டுகிறார்கள். ஊரப்பாக்கத்தில் மின்சார ரெயிலுக்கு காத்திருக்கும் நேரத்தில்கூட சர்க்கரைக்கு கஷாயம், மூட்டு வலிக்கு எண்ணெய் என வீடியோ ஓடுகிறது. சளி, தலைவலி என்றால் போகட்டும். பிரசவத்துக்கும் அதையே நம்பினால்?

இங்கிருந்து அதிக தூரமில்லாத குன்றத்தூரில் 2024 நவம்பரில் அதுதான் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த வாட்ஸ் அப் குரூப்பில் வந்த ஆலோசனைப்படி, மூன்றாவது குழந்தைக்கு கணவரே வீட்டில் பிரசவம் பார்த்தார். சுகாதாரத்துறை புகார் கொடுக்க, விஷயம் போலீசுக்குப் போனது.

அந்த வீட்டில் விபரீதம் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் அப்படி அமையவில்லை. யூடியூப் பார்த்து நடந்த பிரசவத்தில் 28 வயது பெண் ரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைத்தது. இறந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை. ஆக, படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்ல வழியில்லை.

வீடியோவில் வராத கணக்கு ஒன்று உண்டு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுக சுருங்கினால்தான் ரத்தக்குழாய்கள் மூடும். அதற்காகத்தான் குழந்தை பிறந்ததும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். சுருங்காவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும். செல்போனால் அதை எப்படி கொடுக்க முடியும்?

ஆனால் செல்போனை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 45 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் இது 64ஐ நெருங்குகிறது. 'போனாலே கிழிச்சிடுவாங்க' என்ற பயம் சும்மா வந்ததல்ல. 'ஏன் டாக்டர் ஆபரேஷன்?' என்று கேட்டால் இரண்டு நிமிஷம் பதில் சொல்ல ஆளில்லை. செல்போனோ மணிக்கணக்கில் பேசுகிறது. வீட்டுப் பிரசவ கும்பலுக்கு ஆள் சேருவது இந்த இடைவெளியில்தான்.

சந்தேகம் கேட்கத்தான் வேண்டும் என்றால் அதே செல்போனில் 104ஐ அழைக்கலாம், மருத்துவ ஆலோசனை இலவசம். ஏரியா கிராம சுகாதார நர்சிடமும் கேட்கலாம். வலி எடுத்துவிட்டால் 108. ரத்த வங்கியோடு செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.