மார்க்கோஸ் போனார், மாறியது என்ன?

ஊழல் என்பது தனிமனிதர் சிலரின் பேராசை. அவர்களைத் துரத்திவிட்டால் ஜனநாயகம் தானே தழைத்துவிடும் என்று வாதிடும் நண்பர்கள் நம்மிடையே பலர். 2022 மே மாதம் பிலிப்பைன்ஸ் மக்கள், 1986இல் தாம் துரத்திய சர்வாதிகாரியின் மகனையே 3 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் ஜனாதிபதியாக்கியபோது, “மறதி மிக்க சனங்கள்” என்று தீர்ப்பளித்தவர்களும் இவர்களே. மக்களைப் பழிப்பது எளிது. துரத்தியதால் அம்மக்களுக்குக் கிடைத்தது என்ன என்று இவர்கள் கேட்டதுண்டா?

மார்க்கோஸ் திருடியது உண்மை. 1972இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, எதிர்த்தோரைச் சிறையிலிட்டார். அவர் சுவிஸ் வங்கிகளில் பதுக்கிய பணம், வட்டியோடு 65 கோடி டொலருக்கு மேல், அரசுக்கே உரியதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 1986 பெப்ரவரியில் மணிலாவின் எட்சா வீதியில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு, தாங்கிகளை மறித்து நின்று அவரை ஓடச் செய்தனர். அந்த வீரத்தைக் குறைத்துரைப்பவன் அல்லேன்.

ஆனால் அதிகாரம் எங்கே போய்ச் சேர்ந்தது? ஜனாதிபதியான கொராசன் அக்குயினோ அம்மையார், லூயிசிற்றா என்னும் பெருங் கரும்புத் தோட்டத்தையுடைய குடும்பத்தின் மகள். 1987 ஜனவரி 22ஆம் நாள், காணி கேட்டு மெண்டியோலாவுக்கு ஊர்வலமாக வந்த விவசாயிகள்மீது அரச படையினர் சுட்டனர். குறைந்தது 12 பேர் மாண்டனர். மறு ஆண்டு வந்த காணிச் சீர்திருத்தச் சட்டமோ, காணிக்குப் பதிலாகக் கம்பனிப் பங்குகளைக் கொடுத்துத் தப்பலாம் என்று நிலவுடைமையாளருக்கு வழி திறந்துவிட்டது. அவ்வழியே தப்பியவற்றுள் லூயிசிற்றாவும் ஒன்று. பங்குப் பத்திரத்தில் நெல் விளையுமா? அக்காணியைப் பகிர்ந்தளிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காணி எவர் கையிலோ, வாக்கும் அவர் கையிலே. கடனுக்கும் கூலிக்கும் மருந்துச் செலவுக்கும் ஒரே வாசலில் நிற்கும் குடியானவன், தேர்தல் நாளில் மட்டும் சுதந்திர மனிதன் ஆகிவிடுவானா? அவ்வாசலுக்கு உரியோருக்குப் பதவி என்பது போட்ட முதல். ஊழல் அதன் இலாபம்.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குடும்ப ஆதிக்க அரசியலைத் தடைசெய்யத்தான் சொல்கிறது. எது குடும்ப ஆதிக்கம் என்பதை வரையறுக்கும் பொறுப்பை மட்டும் சட்டசபையிடம் விட்டது. அச்சபையில் பெரும்பாலும் அமர்ந்திருந்தோர் அதே குடும்பங்களின் தந்தையரும் மைந்தரும் மருமக்களும். 35 ஆண்டுகள் கழிந்து, மகன் மார்க்கோஸ் பதவியேற்ற நாளிலும் அந்த வரைவிலக்கணம் வந்திருக்கவில்லை. ஒற்றைச் சூத்திரத்துக்கு உரை எழுத இத்தனை காலம் எடுத்த உரையாசிரியரைத் தமிழில் நான் கண்டதில்லை.