தொழில் பழகுவது யாருக்காக?

மாணவர்கள் படிக்கும்போதே வேலையிடங்களுக்குப் போய்த் தொழில் பழக வேண்டும் என்பதாக இப்போது எங்கும் பேசப்படுகிறது. இதற்கு இண்டர்ன்ஷிப் என்று பெயர். இதை நாம் மனமார வரவேற்கிறோம். உலகத்தில் என்னென்ன தொழில் இருக்கிறதென்பதே தெரியாத பிள்ளை தனக்கு ஏற்றது எதுவென்று எப்படித் தீர்மானிக்கும்? ஜாதகத்தைப் பார்த்தா, தலையெழுத்தைத் தடவியா?

இதில் பல வகை உண்டு. டாக்டர் படிப்பில் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். பிரசவ வார்டு, ஆபரேஷன் அறை என்று மாறி மாறி வேலை பார்ப்பதால், தனக்குத் தகுந்த பிரிவு எதுவென்று மாணவருக்கே புலப்படுகிறது. வக்கீல் படிப்புக்கு, மூன்றாண்டுப் படிப்பானால் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பானால் 20 வாரமும் குறைந்தது பழக வேண்டுமென்று பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதி சொல்லுகிறது. தொழிற்சாலை அப்ரண்டிஸுக்கோ, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகையும் உண்டு.

ஆனால், இந்த வாசல் எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கிறதா என்று கேட்கிறோம். வக்கீல் வீட்டுப் பிள்ளை மாமன் ஆபீசிலும், மாமனுக்கு வேண்டியவர் ஆபீசிலும் வாரங்களைக் கழித்துவிடும். கூலிக்காரர் மகள் எந்தக் கதவைத் தட்டுவாள்? அவளுக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்? பட்டணத்தில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் பழகு என்றால், சோற்றுக்கும் வாடகைக்கும் எங்கே போவாள்? சம்பளமில்லாப் பயிற்சி என்பது பணக்காரர் பிள்ளைக்குப் படிப்பு. ஏழைப் பிள்ளைக்குப் பூட்டிய கதவு. முதலாளிக்கு இனாம் ஆள்!

மற்றொரு ஆபத்தும் உண்டு. 6 முதல் 8 வகுப்புக்குள் பிள்ளைகள் 10 நாள் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் பழக வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. எந்த உழைப்பும் இழிவென்று நாம் சொல்ல மாட்டோம். அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையும் களிமண் பிசையட்டும். ஆனால் குயவர் பிள்ளையைக் குயவரிடமே அனுப்பினால் அது புதிதாக எதைக் கற்கும்? 1953இல் ஆச்சாரியார் கிராமப் பள்ளி நேரத்தை 3 மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். பெரியாரும் இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்தார்கள். 1954இல் காமராசர் அதை ஒழித்தார். விரட்டிய குலக்கல்வி வேறு பெயரில் கொல்லைப்புறமாக நுழைய விடலாமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. அப்பன் செய்யாத தொழிலைப் பார்க்கப் பிள்ளைக்கு வழி வேண்டும். பழகும் நாளுக்குப் படி வேண்டும். சிபாரிசில்லாத பிள்ளைக்குக் கல்லூரியும் சர்க்காருமே இடம் தேடிக் கொடுக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத பயிற்சி, பிறப்பால் விதித்த தொழிலுக்கே சான்றிதழ் கொடுப்பதாகும். பெற்றோர்களே, யோசித்துப் பாருங்கள்!