பின் சீட்ல பாட்டி... அடியில ஸ்பிரிங்!

போன மாசம் முழுக்க என் கையில வெர்னியர், மூஞ்சில கிரீஸ். காரணம், படூர்ல எங்க வீட்டு வாசல்ல நிக்கிற சித்தப்பாவோட ஃபோர்டு ஐகான். 2003 மாடல், 1.6 பெட்ரோல். 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் வந்ததே, அதே வண்டி! 1999-ல் அறிமுகமானப்போ ஆக்ஸிலேட்டர் பிரியர்களோட கனவு செடான். பிறந்த ஊரும் பக்கத்துலதான், மறைமலை நகர். 2022-ல் அங்கே ஃபோர்டு கார் தயாரிப்பே நின்னுபோச்சு. எங்க ஐகான் மட்டும் இன்னும் ஓடுது.

பிரச்னை பின்பக்கம். மாசத்துக்கு ரெண்டு தடவை பாட்டியை செங்கல்பட்டு ஜி.ஹெச்-க்கு முதுகு வலிக்குக் கூட்டிட்டுப் போகணும். பின் சீட்ல மூணு பேர் உட்கார்ந்தா, கேளம்பாக்கம் தாண்டுறதுக்குள்ள ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் 'டங்'! "டேய், ரோடு என் முதுகெலும்பு மேலயே போகுதுடா"ன்னு பாட்டி புலம்பல்.

மெக்கானிக் அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, "ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு தம்பி, மாத்திடு"ன்னார். உடனே என் ரூம்மேட், "மச்சி, ஒரு சுத்து வெட்டிடலாம். வண்டி தாழ்வா, ரேஸ் கார் மாதிரி கெத்தா நிக்கும்!" தயவுசெஞ்சு இதை யாரும் பண்ணாதீங்க. ஆறு சுத்துல ஒண்ணை வெட்டினா ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகும். வெட்டின முனை அதோட இருக்கையில சரியா உட்காராது. பள்ளத்துல சக்கரம் தொங்குற நேரம் நழுவினா... பாட்டிக்கு முன்னாடி நாம ஜி.ஹெச்-ல இருப்போம்.

அதனால நானே 'அறிவாளி'யா புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய டீசல் செடான் ஒண்ணோட ஸ்பிரிங் ஜோடி கிடைச்சுது. டேப் வெச்சு உயரம் பார்த்தேன், வாய் அகலம் பார்த்தேன், சுத்து எண்ணினேன். எல்லாம் ஓகே. வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு. வண்டி ஜம்முனு நிமிர்ந்து நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை!

திருப்போரூர் - செங்கல்பட்டு ரோட்டு வளைவுல பின்பக்கம் தவளை மாதிரி குதிச்சப்போ பெருமை இறங்கிடுச்சு. பாட்டி தீர்ப்பு அதைவிட மோசம்: "முன்னாடி எப்பவாவது இடிச்சுது. இப்ப எப்பவுமே இடிக்குது."

ராத்திரி மெஷின் டிசைன் புக்கைத் திறந்தேன் (பரீட்சைக்குக்கூட அவ்வளவு ஆர்வமா திறந்ததில்லை). ஸ்பிரிங்கோட விறைப்பு, கம்பித் தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 போட்டா, மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடும். நான் எல்லாத்தையும் அளந்தேன், கம்பித் தடிமனைத் தவிர! விறைப்பு ஏறினா, துள்ளலை அடக்க வேண்டிய பழைய ஷாக் அப்சார்பரும் திணறும். ஈர ரோட்டு வளைவுல பின்சக்கரம் பிடி விட்டுச்சுன்னா, வண்டியே சுத்திடும்.

அடுத்த சனிக்கிழமை ஜி.பி. ரோடு. நாலாவது கடையில, தூசு படிஞ்ச பெட்டிக்குள்ள ஐகானோட ஒரிஜினல் ஸ்பிரிங் ஒரு ஜோடி! கடைக்காரர் முதல்ல பார்த்தது அளவை இல்லை, கம்பியில இருந்த பெயின்ட் கோட்டை. அது அழகுக்கு இல்லையாம், எந்த விறைப்புன்னு சொல்ற அடையாளமாம். நம்ம பழசையும் அதையும் பக்கத்துல வெச்சேன். அதே தடிமன், அதே சுத்து. புதுசு ரெண்டு விரல் உயரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்லா கவனிங்க... பழசு 'வீக்' ஆகலை, குள்ளமாயிடுச்சு! விசைக்கு ஏத்த நீட்சின்னு 1678-லயே ஹூக் எழுதிட்டார். அந்தக் கணக்கு 20 வருஷம் ஓடின ஸ்பிரிங்குக்கும் அநேகமா மாறலை. ஆனா நிக்கிற உயரம் குறைஞ்சதால, மூணு பேர் ஏறினதும் அடியில இருக்கிற ரப்பர் ஸ்டாப்பர் வரைக்கும் இறங்கிடுது. அந்த 'டங்' அதோட சத்தம். வேணும்கிறது உயரம். நான் போய் வாங்கினது விறைப்பு.

மாட்டுற வேலையை மட்டும் அண்ணன் என்கிட்ட விடலை. ஐகான்ல பின் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுத்தியே உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸரால ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காம மேல் நட்டைக் கழட்டினா, குண்டு மாதிரி பாயும். "அளக்கிறது உன் வேலை, கழட்டுறது என் வேலை"ன்னுட்டார். ரெண்டு பக்கமும் ஸ்பிரிங், கூடவே புது ஷாக் அப்சார்பர். என் இன்டர்ன்ஷிப் காசு காலி!

ரூம்மேட்டுக்கு வண்டி இன்னும் உசரமா நிக்குதேன்னு வருத்தம். போன வாரம் மறுபடி செங்கல்பட்டு. கேளம்பாக்கம் ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் பழக்கதோஷத்துல ஃபர்ஸ்ட் கியருக்கு வந்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏத்தி இறக்கினேன்.

பின்னாடி இருந்து பாட்டி: "ஏன்டா இப்படி உருட்டுறே? டாக்டர் கிளம்பிடுவார்... வேகமாப் போ!"