சோபாவை நகர்த்த வேண்டாம்

முயலுக்கும் கிழப்பருவம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் குறைவு. பிள்ளை அடம்பிடித்து வாங்கிய முயலை அடுத்த கோடைக்குள் பூனையோ நாயோ வெயிலோ கொண்டுபோய்விடும். பண்ணை முயல் சில மாதங்களில் கறியாகிவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். எங்கள் வெள்ளையம்மாவுக்கு இது ஒன்பதாவது வருடம். இடது கண்ணில் முழுக்கப் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

பெயர் வைத்தது என் அம்மா. வாங்கச் சொல்லி அழுதது என் மகள், ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். அவள் இப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ராத்திரி போன் வந்தால் முதல் கேள்வி, "வெள்ளையம்மா சாப்பிட்டுச்சாப்பா?" அப்பா சாப்பிட்டாரா என்பது அப்புறம், ஞாபகம் வந்தால்.

முயல் எதையும் வெளியே காட்டாது. பருந்துக்கும் நரிக்கும் பயந்தே பிழைத்த வம்சம். நோவைக் காட்டினால் அன்றோடு முடிந்தது. பார்வை மங்கிய பிறகும் வெள்ளையம்மா பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு வழக்கம்போலக் காலடியில் வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. வீடு கழுவிய அன்று அம்மாவின் முக்காலியை இடம் மாற்றிப் போட்டிருந்தோம். அதில் நேராக வந்து முட்டியது. பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு அப்படியே உறைந்து நின்றது. ஆபத்து என்று கூட்டத்துக்குச் சொல்லும் அடி அது. எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்தான்.

கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். முதலில் போன இடத்தில் சீட்டு எழுதுபவர், "கறிக்கு வளக்குறீங்களா சார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் முயல் ஆஸ்பத்திரிக்கு வருவதே அபூர்வம். அடுத்துப் பார்த்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புரைதான் சார். இந்த வயசுல மயக்க மருந்து குடுக்கறது ரிஸ்க். மூக்கும் மீசையும் நல்லா இருக்கு, அது சமாளிச்சுக்கும். நீங்க வீட்டுச் சாமான நகர்த்தாம இருங்க, போதும்" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் போகப்போகத்தான் புரிந்தது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் துருத்தி இருப்பதால் பின்னாலும் மேலேயும் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். தெரியாத இடம் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம். அதாவது, நல்ல கண்ணுள்ள முயலும் தான் தின்பதைப் பார்த்துத் தின்பதில்லை. கொத்தமல்லித் தண்டை நீட்டிப் பாருங்கள். மூக்கு படபடவென்று துடிக்கும். மீசை தண்டைத் தொட்டு ஒரு நொடி நிற்கும். பிளந்த மேலுதடு தடவி நுனியைப் பிடிக்கும். அப்புறம் தண்டு சரசரவென்று உள்ளே போய்விடும். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு வெள்ளையம்மா செங்கண் வெள்ளை. அந்த ரகத்துக்கு விழியில் நிறமி கிடையாது, வெளிச்சம் கூசும், பார்வை பிறவியிலேயே சுமார். தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டித்தான் தூரத்தை மட்டுக்கட்டும். சின்னதில் அப்படி ஆட்டியதை நாங்கள் நடனம் என்று வீடியோ எடுத்தோம்.

ஆக, பழக வேண்டியது முயல் அல்ல, நாங்கள். சோபா, முக்காலி, தண்ணீர் வைக்கும் மண்சட்டி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டைல்ஸ் தரை வழுக்குவதால், கூண்டிலிருந்து சட்டிக்கும் சட்டியிலிருந்து அம்மா கட்டிலுக்கும் கோணிச்சாக்கு விரித்து ரோடு போட்டிருக்கிறோம். தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலிருந்து கை இறங்கினால் அதற்கு அது பருந்துதான். பக்கவாட்டில் தோளைத் தொட வேண்டும். விருந்தாளிகளுக்கு இதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள்.

பினாயில் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. முயலின் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. சோபாக் காலிலும் கதவு மூலையிலும் தாடையைத் தேய்த்துவிட்டுப் போகும். இது என் இடம் என்று முத்திரை. நமக்கு அந்த வாசனை தெரியாது. பார்வை போன முயலுக்கு வழி காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு. தினமும் பினாயில் போட்டுத் துடைத்தால் அத்தனையும் அழியும். வெள்ளையம்மா நடக்கும் தடத்தில் வெறும் தண்ணீர் என்று சமரசமானது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை இந்த வருடம் தள்ளிப்போட்டதில் மட்டும் என் மனைவிக்கு இன்னும் வருத்தம்.

முயல் கண்ணுக்கு ஒரு கறுப்புச் சரித்திரமும் உண்டு. 1944-இல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்க அரசு விஞ்ஞானி ஒரு சோதனை முறையை வகுத்தார். ஷாம்பு, சோப்பு, மை எதுவானாலும் செங்கண் வெள்ளை முயலின் ஒரு கண்ணில் விடுவார்கள். மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைப்பார்கள். பெரிய கண், சாதுவான பிராணி, அதுவே வினையாகிவிட்டது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014-இல்தான் தடை செய்தது. நாம் கண் எரியாமல் குளித்த வருடங்கள் எத்தனை!

உண்மையில் வெள்ளையம்மாவைப் பார்த்துக்கொள்வதில் கண்ணை விட மற்றவைதான் அதிக வேலை வைக்கின்றன. முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தேயாவிட்டால் மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை நெருக்கி, கண்ணில் நீர் வடியும். கோளாறு வாயில், அறிகுறி கண்ணில். அதனால் காய்ந்த அருகம்புல்தான் பிரதான சாப்பாடு. கேரட் எப்போதாவது ஒரு துண்டு; சினிமாவில் காட்டுவதை நம்பாதீர்கள். இன்னொன்று, முயல் தன் மென்புழுக்கையைக் குனிந்து வாயால் எடுத்துத் திரும்பத் தின்னும்; அதில்தான் சத்து. வயதாகி முதுகு விறைத்துப்போனால் குனிய முடியாது, பின்புறம் அப்பிக்கொள்ளும். எங்கள் திருச்சி வெயிலில் ஈ மொய்த்து முட்டையிட்டால் புழு வைக்க ஒரே நாள் போதும். தினமும் ராத்திரி ஈரத்துணியால் துடைத்துவிடுவது என் பொறுப்பு. கத்திரி வெயிலில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது அம்மாவுடையது. அதன்மேல் காதைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும்.

"இதுக்கு இவ்வளவு பாடா? இன்னொண்ணு வாங்கிக்கலாமே" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எண்பதைத் தாண்டிய அம்மாவை வைத்துக்கொண்டே சொல்கிறார். அம்மாவுக்கும் ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

முயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணில் வெள்ளை படர்ந்தாலோ நீர் வடிந்தாலோ, வீட்டில் யாருக்கோ வாங்கிய சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்துவிட்டால், மிச்சக் கண்ணும் போய்விடும். மனிதர்களுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலினை வாய்வழியே கொடுத்தால் குடல் கெட்டு உயிரே போகலாம். அரை நாள் எதையும் தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல், முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அப்போதே கொண்டு போங்கள்.